டைனமோ கழட்டுறதுக்கு முன்னாடி மீட்டர் வை

*நம்ம வீட்டு குரூப்*

தம்பி, 7:42
மாமா, பழைய ஆல்ட்டோ கார்ல, ஓட்டும்போது டேஷ்போர்டுல இருக்குற பேட்டரி வார்னிங் லைட் மங்கலா எரியுது. ராத்திரி ஹெட்லைட்டும் டல். பேட்டரிக்கு சார்ஜ் குடுக்குற டைனமோ (ஆல்டர்னேட்டர்) போச்சுன்னு கடையில சொல்றாங்க. ரீகண்டிஷன் பீஸ் வாங்கி வீட்லயே மாத்தவா?

மாமா, 7:50
மாத்தலாம் மாப்ளே. காசு குடுக்குறதுக்கு முன்னாடி மீட்டர் வை. பேட்டரில மூணு வோல்ட் அளவு வேணும்: வண்டி ஆஃப்ல எவ்வளவு, ஸ்டார்ட் பண்ணி எவ்வளவு, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு எவ்வளவு.

தம்பி, 8:04
12.1
12.3
11.8

மாமா, 8:06
சார்ஜ் ஏறல. ஸ்டார்ட்ல 13.8லேர்ந்து 14.4 வரைக்கும் நிக்கணும். ஆனா இதை வச்சு மட்டும் டைனமோ மேல பழி போடாத. வண்டி ஓடும்போதே, டைனமோ பின்னாடி தடி ஒயர் மாட்டியிருக்குற பி டெர்மினல்ல அள. அங்க 14 இருந்து பேட்டரில 12 இருந்தா ஒயரோ ஃபியூசிபிள் லிங்க்கோ (அந்த ஒயர்ல இருக்குற பெரிய ஃபியூஸ்) போச்சு. ரெண்டு இடத்துலயும் ஒரே அளவுன்னா டைனமோ பக்கம்.

அக்கா, 8:09
இன்னொண்ணும் பாரு. சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணாம இருக்கும்போது பேட்டரி லைட் எரியுதா? அந்த பல்ப் வழியாத்தான் டைனமோ உள்ள காந்தம் உண்டாக்குற ஃபீல்டு காயிலுக்கு முதல் கரண்ட் போகுது. பல்ப் ஃபியூஸானாலோ பிளக் லூஸானாலோ நல்ல டைனமோகூட சார்ஜ் குடுக்காம உக்காந்திருக்கும்.

தம்பி, 8:31
சாவி போட்டா நல்லா எரியுதுக்கா. பி டெர்மினல்லயும் 12.3தான். பெல்ட் வழுக்கல. பேரிங் ஊளை சத்தம் கேக்குது.

மாமா, 8:34
அப்ப சரி. கார்பன் பிரஷ் மட்டும் தேஞ்சிருந்தா பிரஷ் செட் போட்டா போதும்னு சொல்லியிருப்பேன். பேரிங்கும் கத்துதுன்னா முழுசா மாத்திடு. பழசைக் கையில எடுத்துட்டுப் போய் பக்கத்துல வச்சுப் பாத்து வாங்கு. புல்லி பள்ளம், பிளக் வடிவம், போல்ட் மாட்டுற காது ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி, ஆம்பியர் நாலும் ஒத்துப்போகணும்.

அக்கா, 8:36
கழட்டும்போது முதல்ல பேட்டரி நெகட்டிவ். இதுல மட்டும் அலட்சியம் வேண்டாம். பி ஒயர் சாவி ஆஃப்லயும் எப்பவும் லைவ். ஸ்பானர் அதுலயும் இன்ஜின்லயும் ஒரே நேரத்துல பட்டா லிங்க் எரிஞ்சுடும், கையும் வேகும்.

அத்தை, 8:37
கையில இருக்குற காப்பு, மோதிரம் எல்லாம் கழட்டி வச்சுட்டு இறங்குப்பா.

மாமா, 8:38
அத்தை சொல்றது ரொம்ப முக்கியம்.
10, 12 ரிங் ஸ்பானர் பெரும்பாலும் போதும். மேல அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டையும், கீழ டைனமோ அசையுறதுக்கு அச்சா இருக்குற பிவட் போல்ட்டையும் லூஸ் பண்ணி, டைனமோவை இன்ஜின் பக்கம் தள்ளினா பெல்ட் வந்துடும். பிளக்கை கிளிப் அமுக்கி இழு, ஒயரைப் பிடிச்சு இழுக்காத. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோ.

தம்பி, 11:20
புது பீஸ் வந்துடுச்சு. பிராக்கெட்டுக்குள்ள இறங்க மாட்டேங்குது. முடி அளவுதான் இடிக்குது.

அக்கா, 11:22
சுத்தியல் போடாத! காதுல ஒரு இரும்பு புஷ் (சின்ன குழாய்த் துண்டு) இருக்கும் பாரு. போல்ட் இறுக்கும்போது அது நகர்ந்து பிராக்கெட்டைக் கவ்வுற மாதிரி அமைப்பு. வைஸ்லயோ, போல்ட்டும் பெரிய நட்டும் வச்சோ, அதை ஒரு மில்லி பின்னாடி தள்ளு. தானா இறங்கும். அடிச்சா அலுமினியக் காது உடைஞ்சு புது பீஸே வீணாப் போயிடும்.

மாமா, 11:25
அப்படியே பிராக்கெட்ல துரு இருக்குற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய். டைனமோவோட எர்த் அந்த வழியாத்தான் போகுது. ரீகண்டிஷன் பீஸ்ல காது மேலயும் சேர்த்து சில்வர் பெயின்ட் அடிச்சிருப்பாங்க, அதையும் சுரண்டிடு. புதுசு மாட்டியும் சார்ஜ் கம்மியா இருக்குன்னு வர்ற வண்டில இதையும் பாக்கணும்.

தம்பி, 11:48
இறங்கிடுச்சு. பெல்ட் எவ்வளவு இறுக்கணும்?

மாமா, 11:50
பிவட்டை கைவிரல் இறுக்கத்துல விடு. பெல்ட்டைப் போட்டு, லிவரை டைனமோவோட முன்பக்க அலுமினிய மூடியில குடுத்து நெம்பு. நடுவுல இருக்குற இரும்புத் தகடு அடுக்குல குடுக்காத, உள்ள இருக்குற கம்பிச் சுத்து நசுங்கும். நெம்பிப் பிடிச்சபடியே மேல போல்ட்டை முதல்ல இறுக்கு, அப்புறம் பிவட். ரெண்டு புல்லிக்கு நடுவுல கட்டைவிரலால பலமா அமுக்கினா 8 மில்லி மாதிரி இறங்கணும். லூஸா இருந்தா கீச்சுன்னு கத்தும், மழையில சார்ஜ் விட்டுப்போகும். ரொம்ப டைட்டா இருந்தா டைனமோ பேரிங்கோட வாட்டர் பம்ப் பேரிங்கும் போகும்.

அக்கா, 11:53
பி டெர்மினல் நட்டு சின்னது. கெட்டியா உக்காரணும், ஆனா முழு பலம் குடுக்காத. கீழ இருக்குற பிளாஸ்டிக் வாஷர் உடைஞ்சா பாடியோட ஷார்ட். ரப்பர் தொப்பியை மறக்காம மாட்டு. நெகட்டிவ் கடைசியா.

மாமா, 11:55
உடனே ஸ்டார்ட் பண்ணிடாத. பேட்டரி இறங்கிக் கிடக்கு. சார்ஜர்ல ராத்திரி முழுக்கப் போட்டு 12.6க்குக் கொண்டா. செத்த பேட்டரியோட விட்டா புது டைனமோ முதல் நாளே முழு ஆம்பியர்ல ஓடி, உள்ள ஏசி கரண்ட்டை டிசியா மாத்துற டையோடு சூடாகும். ஓடுற வண்டில பேட்டரி வயரைக் கழட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லி யாராவது வந்தா விடாத. வோல்ட் எகிறி, வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரையும் இன்ஜின் கம்ப்யூட்டர் ஈசிஎம்மையும் அடிச்சுடும்.

தம்பி, மறுநாள் 7:15
ஐடிலிங்ல 14.2. ஹெட்லைட், புளோயர், ஏசி எல்லாம் போட்டு 13.7. பேட்டரி லைட் அணைஞ்சுடுச்சு.

அக்கா, 7:18
நல்ல ரீடிங். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு (குளிர் ஏசி இல்ல, ஆல்டர்னேட்டிங் கரண்ட்) மாத்தி, லோடோட அதே பேட்டரில வை. 0.5க்கு மேல போனா ஏதோ ஒரு டையோடு போயிருக்கு, கியாரண்டி இருக்கும்போதே திருப்பிக் குடுத்துடு. ஆக்சிலரேட்டர் குடுத்து 15 தாண்டினாலும் அப்படித்தான், ரெகுலேட்டர் கோளாறு.

தம்பி, 7:24
ஏசி வோல்ட்ல 0.04. ரெய்ஸ் பண்ணா 14.4, அதுக்கு மேல ஏறல.

மாமா, 7:26
சரி மாப்ளே. பெல்ட்டும் புதுசுதானே? கொஞ்சம் நீளும். ரெண்டு வாரம் ஓட்டிட்டு, இன்ஜின் ஆறினப்புறம் மறுபடி அமுக்கிப் பாத்து அளவைச் சொல்லு.