மறு: 'புதுப்பித்தல்' என்ற ஒரு சொல் போதுமா? (வெள்ளை மாளிகைக் கிழக்குப் பிரிவு இழை)

குழுமத்தாருக்கு வணக்கம்.

அதிபர் டிரம்ப் வெள்ளை மாளிகையின் கிழக்குப் பிரிவை இடித்துப் புதிய மண்டபம் கட்டும் வேலையைத் தமிழில் எந்தச் சொல்லால் எழுதுவது என்ற இந்த இழையின் மடல்களை ஒருசேரப் படித்து முடித்தேன். பாதி மடல்கள் டிரம்ப் நல்லவரா கெட்டவரா என்பது பற்றியவை. அதற்கு ஊரெங்கும் திண்ணைகள் இருக்கின்றன, இங்கே வேண்டாம். மீதிப் பாதிக்கு மட்டும் என் கருத்தை எழுதுகிறேன்.

> ரெனவேஷன் என்றால் புதுப்பித்தல் என்று எல்லா அகராதியிலும் இருக்கிறது. அது போதாதா? எதற்கு இன்னொரு சொல்?

போதாது ஐயா. வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் புதுப்பித்தல், கழிவறைக்கு ஓடு மாற்றினாலும் புதுப்பித்தல். 2025 அக்டோபர் 20 அன்று வாஷிங்டனில் இடிக்கும் எந்திரம் வந்து வெள்ளை மாளிகையின் கிழக்குப் பிரிவைப் பிய்க்கத் தொடங்கியதே, அதற்கும் புதுப்பித்தல். அந்த வாரம் முடிவதற்குள் கிழக்குப் பிரிவு முழுவதும் தரைமட்டமாகிவிட்டது. அன்றைய தமிழ்ச் செய்திகளில் 'புதுப்பிப்புப் பணிக்காக இடிப்பு' என்ற தொடரைப் பார்த்தேன். எழுதியவரைக் குறை சொல்லவில்லை. அவர் கைக்கு எட்டிய பெட்டியில் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

சண்டையே அந்தச் சொல்லை வைத்துத்தான் நடந்தது என்பதையும் பாருங்கள். 2025 ஜூலையில் புதிய மண்டபத்தை அறிவித்தபோது, அது இப்போதுள்ள கட்டடத்துக்கு அருகில்தான் வரும், கட்டடத்தைத் தொடாது என்று அதிபரே சொன்னார். மூன்று மாதத்தில் கட்டடமே இல்லை. கேள்வி எழுந்ததும் அவர் தரப்பு ஒரு பட்டியலை நீட்டியது: தியோடர் ரூஸ்வெல்ட் மாற்றினார், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மாற்றினார், ட்ரூமன் மாற்றினார், எல்லா அதிபர்களும் புதுப்பித்தார்கள், நாங்களும் புதுப்பிக்கிறோம். ஒரே சொல்லின் குடைக்குள் எல்லோரையும் நிறுத்திவிட்டால் விவாதம் முடிந்துவிடுகிறது. பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் செய்தது ஒரே வேலையா?

கலைச்சொல் செய்பவர் இங்கே கேட்க வேண்டியது, வேலை முடிந்தபின் பழையதில் எது நின்றது என்பதை மட்டும்தான். யார் செய்தார், எதற்காகச் செய்தார், அழகாக இருந்ததா என்பவை நம் வேலை அல்ல.

இந்தக் கேள்வியோடு பட்டியலைத் திரும்பப் படியுங்கள். 1902இல் தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில் மெக்கிம் என்ற கட்டடக் கலைஞர் மாளிகையைச் சுற்றியிருந்த கண்ணாடிச் செடிவீடுகளை அகற்றிவிட்டு மேற்குப் பிரிவைக் கட்டினார். மாளிகை நின்றது, பக்கத்தில் ஒன்று சேர்ந்தது. 1942இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கிழக்குப் பிரிவை இரண்டு தளமாக எழுப்பினார். போர்க்காலம், அடியில் ஒரு பதுங்கறை தேவைப்பட்டது, மேலே கட்டடம் அதை மறைத்தது. வீண்செலவு என்று எதிர்க்கட்சியினர் அப்போதும் திட்டினார்கள். ட்ரூமன் 1948இல் தெற்கு முகப்பின் தூண்களுக்கு நடுவே இரண்டாம் தளத்தில் ஒரு மாடம் வைத்தார். நுண்கலை ஆணையம் கூடாது என்றது, அவர் கேட்கவில்லை. இருபது டாலர் நோட்டின் பின்பக்கத்தில் அச்சாகும் மாளிகைப் படத்தையே மாடத்தோடு திருத்த வேண்டியதாயிற்று. ஆக, தலைவர் பிடிவாதம் பிடிப்பதும் நிபுணர்கள் கையைப் பிசைவதும் அங்கே பழைய கதை. ஆனால் இவை எல்லாம் நம் கொத்தனார் மொழியில் சேர்த்துக் கட்டுவது. நின்றது நிற்க, புதியது ஒட்டிக்கொண்டது.

ட்ரூமனின் இரண்டாவது வேலை வேறு வகை. இந்த இழையில் மிகுதியாகக் குழப்பியது அதுதான் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். 1948இல் அவர் மகள் மார்கரெட்டின் பியானோவின் கால் ஒன்று தரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. ஆராய்ந்தால், பழைய மர உத்தரங்களைக் குழாய்க்கும் கம்பிக்கும் வழிவிட வெட்டி வெட்டியே பலவீனமாக்கியிருந்தார்கள். 1927இல் மேலே ஏற்றிய மூன்றாம் தளத்தின் பாரம் வேறு. ட்ரூமன் குடும்பம் எதிரிலிருந்த பிளேர் இல்லத்துக்கு இடம்பெயர்ந்தது. (கோயில்காரர்கள் இதைப் பாலாலயம் என்பார்கள், மூலவர் தற்காலிகச் சந்நிதிக்குப் போய்விட்டார்.) அமெரிக்கக் காங்கிரஸ் ஓர் ஆணையம் அமைத்து 54 லட்சம் டாலர் ஒதுக்கியது. முழுவதையும் இடித்துவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. ஆணையம் வெளிச்சுவர்களை நிறுத்தி வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததைப் பிரித்தெடுத்து, எஃகுச் சட்டம் எழுப்பித் திரும்பக் கட்டியது. மண்வாரி எந்திரம் நுழைவதற்குச் சுவரில் பெரிய வாசல் உடைக்க ட்ரூமன் ஒப்பவில்லை. எந்திரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். 1952 மார்ச்சில்தான் குடும்பம் திரும்பியது.

வெளியே நின்று பார்த்தவருக்கு ஒன்றுமே மாறவில்லை. உள்ளே பழைய தரை, பழைய மர உத்தரம் எதுவும் இல்லை. இதற்கு என்ன பெயர்?

> ஆங்கிலத்தில் இதற்குக் 'கட்டிங்' (gutting) என்கிறார்கள், குடலை உருவுவது. 'குடல்நீக்கம்' என்று வைத்தால் என்ன?

மீன் கடைக்குப் பொருந்தும். பொறியியல் மாணவர் தேர்வுத்தாளில் இதை எழுதினால் திருத்துபவர் சிரித்துவிடுவார்.

> 'உட்கட்டு மாற்றம்' எனலாமே. முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்று நம் பழைய வீடுகளில் சொல்கிறோம்.

அழகான சொல்தான். ஆனால் சாலை, மின்சாரம், குடிநீருக்கெல்லாம் 'உட்கட்டமைப்பு' என்று ஏற்கெனவே எழுதிப் பழகிவிட்டார்கள். உட்கட்டு மாற்றம் என்றதும் வாசகர் மேம்பாலத்தை நினைப்பார்.

என் பரிந்துரை சுவர்நிறுத்திக் கட்டல். கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதைக் கேட்ட எந்தக் கொத்தனாரும் என்ன வேலை என்று திரும்பக் கேட்கமாட்டார். 'சுவரை நிறுத்திக்கிட்டு உள்ளே எடுத்துக் கட்டுறது' என்று அவர் சொல்வதைத்தான் எழுத்துக்குக் கொண்டுவருகிறேன்.

2025இன் வேலைக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. தெருவில் கிடக்கிறது: இடித்துக்கட்டல். பழையதில் எதுவும் நிற்கவில்லை; அந்த மனையில் வேறொன்று எழுகிறது. அளவும் வேறு. அறிவித்தபடி புதிய கட்டடம் 90,000 சதுர அடி. மாளிகையின் மையக் கட்டடம் ஏறத்தாழ 55,000. வரலாற்றுச் சின்னங்களுக்கான தேசிய அறக்கட்டளை, பக்கத்தில் எழுவது மூலக் கட்டடத்தையே அமுக்கிவிடும் என்று எழுதியது இதனால்தான். இடிப்பதற்கு முன் வரைபடங்களைப் பொது ஆய்வுக்கு வையுங்கள் என்றும் கேட்டது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தபோது எந்திரம் வேலையைத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் அறக்கட்டளை நீதிமன்றத்துக்குப் போனது.

> யாழ்ப்பாணத்தில் நாங்கள் புனரமைப்பு, புனர்நிர்மாணம் என்போம். எங்கள் பொது நூலகத்துக்கு அதுதான் பொருத்தமான சொல்.

ஒத்துக்கொள்கிறேன் அக்கா. 1981இல் எரிந்ததை மீண்டும் பழைய தோற்றத்தில் நிறுத்தியதற்குப் புனர்நிர்மாணம் சரியான சொல். இருந்தது மறுபடியும் வருகிறது என்பது அதற்குள் இருக்கிறது. 1814இல் ஆங்கிலேயப் படை வெள்ளை மாளிகையைக் கொளுத்தியபின், முதலில் கட்டிய ஹோபனையே அழைத்து மீண்டும் கட்டுவித்தார்களே, அதற்கும் தாராளமாக எழுதலாம். கிழக்குப் பிரிவுக்குப் பொருந்தாது. அங்கே வரப்போவது பழைய கிழக்குப் பிரிவு அல்ல.

> இடித்துக்கட்டல் என்பது எதிர்ப்பாளர்களின் சொல். 'நவீனமயமாக்கல்' என்று அவர்கள் சொல்வதையும் மதிக்க வேண்டாமா?

மதிப்போம். அவர்கள் தரப்பில் நியாயமும் இருக்கிறது. வெளிநாட்டுத் தலைவர் வந்தால் தெற்குப் புல்வெளியில் கூடாரம் அடித்து விருந்து வைக்கிறார்கள். பெரிய மண்டபம் வேண்டும் என்பது பல காலத்துக் குறை. அரசுப் பணம் வேண்டாம், நன்கொடையில் கட்டுகிறேன் என்கிறார் அதிபர். (20 கோடி டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு அக்டோபருக்குள் 30 கோடியாகிவிட்டது. நன்கொடை கொடுத்த நிறுவனங்களுக்கு அரசோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. அது வேறு இழை.) ஆனால் நவீனமயமாக்கல் என்பது நோக்கத்தின் பெயர், இடித்துக்கட்டல் செயலின் பெயர். இடித்ததை ஆதரவாளர்களும் மறுக்கவில்லை, இடித்தால்தான் கட்ட முடியும் என்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் சொல்லைக் கட்சிச் சொல் என்று எப்படிச் சொல்வது?

> 'திருப்பணி' என்ற நல்ல தமிழ்ச் சொல்லை மறந்துவிட்டீர்களே.

மறக்கவில்லை. அதன் பக்தி மணம் அரசுக் கட்டடத்துக்கு ஒட்டாது. ஆனால் திருப்பணி மரபிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக (கற்கோயிலாக) எடுப்பித்தபோது, பழைய கோயிலிலிருந்த கல்வெட்டுகளைப் புதுச்சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறிப்பும் இருக்கிறது. அதுவும் இடித்துக்கட்டல்தான்; ஆனால் போனது என்னவென்று எழுதிவைத்துவிட்டுக் கட்டியது. கிழக்குப் பிரிவையும் இடிப்பதற்கு முன் வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம் படமெடுத்து, முப்பரிமாண வருடல் செய்து ஆவணமாக்கியிருக்கிறது. இடிப்பதற்கு முந்தைய இந்த ஆவணப் பணிக்கு ஆங்கிலத்தில் நீளமான தொடர்கள்தான் இருக்கின்றன. நாம் பழம்படி என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். இந்த இழையில் எனக்குப் பிடித்த சொல் இதுதான். யாரும் கேட்காமலே தருகிறேன்.

போகிற போக்கில் ஒன்று: 'நடன அரங்கம்' என்று எழுதுவதை விட்டுவிடலாம். அங்கே நடக்கப்போவது சாப்பாடு. விருந்து மண்டபம் என்றால் போதும்.

அன்புடன்.

———

கட்டடப் பொறியாளரின் மறுமொழி

வணக்கம். சேர்த்துக் கட்டல், சுவர்நிறுத்திக் கட்டல் இரண்டையும் ஏற்கிறேன். பழம்படியையும் ஏற்கிறேன். இடித்துக்கட்டலில் எனக்கு ஒரு தடை இருக்கிறது; நீங்கள் சொல்லும் கட்சித் தடை அல்ல.

வாஷிங்டன் சச்சரவில் ஒரு முக்கிய முடிச்சே இடிப்பும் கட்டுதலும் ஒன்றா இரண்டா என்பதுதான். வாஷிங்டனில் அரசுக் கட்டடத் திட்டங்களை ஆராயும் தேசியத் தலைநகர்த் திட்ட ஆணையத்தின் தலைவர் வில் ஷார்ஃப், இடிப்பதும் மனையைத் தயார்செய்வதும் எங்கள் வரம்பில் வராது, மேலே எழும் கட்டுமானம்தான் வரும் என்றார். (அவரே அதிபர் அலுவலகத்தில் பதவி வகிப்பவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) திட்டம் ஆணையத்தின் முன் வரும் முன்பே கட்டடம் போய்விட்டது. எதிர்ப்பவர்களோ, எதைக் கட்டப்போகிறோம் என்று தெரிந்துதானே இடிக்கிறீர்கள், இரண்டும் ஒரே திட்டம் என்கிறார்கள். இந்த நிலையில் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக நீங்கள் கொடுத்தால், தீர்ப்பையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகாதா?

இன்னொன்று. 'வெள்ளை மாளிகை இடித்துக்கட்டல்' என்று தலைப்பில் போட்டுவிடுவார்கள். மைய மாளிகையை யாரும் தொடவில்லை. எந்தப் பகுதி என்பதைச் சொல்லாமல் இந்தச் சொல்லை ஆளக்கூடாது என்று குறிப்பு வேண்டும்.

———

மறு: மறு:

ஐயா, இரண்டாவது குறிப்பு அப்படியே பதிவில் சேர்கிறது.

முதலாவது கூர்மையான தடை. அதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டாம் என்றே நினைக்கிறேன். 'இடிப்பு', 'கட்டுமானம்' இரண்டும் தனித்தனிப் பதிவுகளாக அகராதியில் இருக்கட்டும். அனுமதி, ஆணை, வழக்கு பற்றி எழுதுபவர் அவற்றைப் பிரித்தே எழுத வேண்டும். 1966ஆம் ஆண்டு வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் எந்த வேலை எந்த ஆணையத்தின் கீழ் வருகிறது என்பதே அங்கே கயிறிழுப்பாகிவிட்டது. அந்தக் கயிற்றின் ஒரு முனையை அகராதி பிடிக்கக்கூடாது என்ற உங்கள் கருத்து சரி. ஆனால் ஒரு மனையில் என்ன நடந்தது என்று பத்து ஆண்டு கழித்து ஒருவர் கட்டடக்கலை வரலாறு எழுதும்போது, அவருக்கு முழு வேலையின் பெயர் வேண்டும். அதற்கு இடித்துக்கட்டல்.

வரைவுப் பதிவு இப்படி இருக்கட்டும்:

இடித்துக்கட்டல் — நிற்கும் கட்டடத்தையோ அதன் பெயர் குறித்த பகுதியையோ முற்றும் அகற்றி, அதே மனையில் புதியது எழுப்புவது. பழைய பொருளோ சுவரோ நிற்குமானால் இச்சொல்லை ஆளக்கூடாது. சுவர்நிறுத்திக் கட்டல் காண்க. சட்ட நடைமுறையைக் குறிக்கும்போது இடிப்பு, கட்டுமானம் எனப் பிரித்து எழுதுக.

'புதுப்பித்தல்' பதிவை என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி. நிற்கும் உறுப்புகளை அகற்றாமல் செப்பனிடுவது, மெருகேற்றுவது என்று அதன் பொருளைச் சுருக்கலாம் என்பது என் எண்ணம். ஆட்சேபம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். யாழ்ப்பாணத்து அக்கா, புனர்நிர்மாணம் பதிவை நீங்களே எழுதித் தந்தால் நல்லது.