ஓட்டை ஒழுங்காத்தான் எண்ணுறாங்க, பிறகு எப்படி ஒரே கட்சி?

தொண்டி அலை:
சிங்கப்பூர், மலேசியா ஆட்சியைப் புகழாத டீக்கடை நம்ம கரையோரத்துல கிடையாது. சிங்கப்பூர்ல கள்ள ஓட்டுப் பேச்சே இல்லை. ஆனா 1959லேருந்து மக்கள் செயல் கட்சிதான். பயமா, பாசமா?

கீழக்கரை காக்கா:
ரெண்டும் உண்டு தம்பி. ஓட்டுப் பெட்டியில கை வைக்கிறதில்லை, பாதி வேலை அதுக்கு முன்னாலேயே முடிஞ்சிடும். 1988ல குழுத்தொகுதி வந்துச்சு, அதாவது ஒரே தொகுதிக்குப் பல எம்.பி., ஓட்டு மொத்த அணிக்குத்தான். இப்ப 4 பேரோ 5 பேரோ ஒரே அணியா நிக்கணும், ஒருத்தராவது சிறுபான்மை இனத்தவரா இருக்கணும். சிறுபான்மைக்கு இடம் உறுதியாகுதுங்கறது நிஜம். ஆனா ஆளுக்கு 13,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) டெபாசிட், 5 பேருக்கு 67,500. 8ல் 1 பங்கு ஓட்டு தேறலேன்னா அவ்வளவும் போச்சு. ஆளுங்கட்சியில அமைச்சர் ஒருத்தர் தலைமையில புதுமுகங்க சுலபமா உள்ளே போயிடுவாங்க. எதிர்க்கட்சிக்கு அஞ்சு நல்ல ஆள் சேக்குறதே பெரும்பாடு. 2020ல ஆளுங்கட்சிக்கு 61.2% ஓட்டுக்கு 93ல் 83 இடம்.

மண்டபம் வாசகன்:
காக்கா வீட்டு விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டாரு. அங்கே குடியிருக்கிறவங்கள்ல 5ல் 4 பேர் அளவுக்கு வீவக, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டின அடுக்குமாடியில இருக்காங்க. வீட்டுத் தவணையையே சம்பளத்துல பிடிக்கிற சேமநிதியிலேருந்து கட்டலாம். 1997 தேர்தல்ல பிரதமர் கோ சோக் டோங், ஆளுங்கட்சியை ஆதரிக்கிற பேட்டைகளுக்கு மேம்பாட்டுப் பணியில முன்னுரிமைனு வெளிப்படையாவே சொன்னாரு. யார் யாருக்குப் போட்டாங்கன்னு தெரியாது, எந்த வட்டாரம் எப்படிப் போட்டுச்சுன்னு தெரியும். லிஃப்ட், நடைபாதை, வீட்டு விலை எல்லாம் அப்ப அதுல தொங்குச்சு. தேர்தலுக்கு முந்தின ராத்திரி கவர் கொடுக்கிறதெல்லாம் இதுக்கு முன்னாடி சில்லறை வேலை! அதே சமயம் வீடு நிஜமாவே கட்டிக் கொடுத்தாங்க, அதை மறைச்சா கணக்கு புரியாது.

தேவிபட்டினம் திண்ணை:
மலேசியாவுல ஆயுதம் பத்திரிகைக் கட்டுப்பாடும் தொகுதி எல்லைக்கோடும். 1984 சட்டப்படி பத்திரிகைகள் வருஷா வருஷம் உரிமம் புதுப்பிக்கணும், 2012 வரைக்கும். யாரும் பூட்ட வேண்டாம், ஆசிரியரே கத்திரி எடுத்துடுவாரு. 2013ல காப்பார் தொகுதியில சுமார் 1,44,000 வாக்காளர், புத்ராஜெயாவுல சுமார் 16,000. ரெண்டுக்கும் ஒரே எம்.பி. அந்தத் தேர்தல்ல ஆளுங்கூட்டணியான பாரிசான் 47% ஓட்டுல 222ல் 133 இடம் எடுத்துச்சு. எதிரணிக்கு ஓட்டு அதைவிட அதிகம்.

தொண்டி அலை:
அப்ப 2018ல பாரிசான் எப்படிண்ணே விழுந்துச்சு?

தேவிபட்டினம் திண்ணை:
6% ஜிஎஸ்டி வந்து சாமான் விலை கடிச்சுது, 1எம்டிபிங்கற அரசாங்க முதலீட்டு நிதியில நடந்த ஊழல் வீடு வீடாப் பேச்சாச்சு, பாரிசானோட முன்னாள் பிரதமர் மகாதீரே எதிரணிக்குப் போயிட்டாரு. எல்லைக்கோடு சின்ன சரிவைத்தான் தாங்கும். உள்ளேயிருந்த பெரிய தலையே வெளியேறினதும் சொந்த ஓட்டு வங்கியும் பிரிஞ்சுது.