சரத்திலிருந்து முழு எண்: 'எண்மாற்றம்' என்பதற்குப் பதிலாக 'எண்வாசிப்பு'

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

"1947" என்று எழுத்துகளாக வந்து சேரும் சரத்திலிருந்து (எழுத்துகளின் தொடரிலிருந்து) 1947 என்னும் முழு எண்ணைப் பெறும் செயலுக்கு, நம் சி நிரல்மொழிப் பாடக் குறிப்புகளில் 'எண்ணாக்கம்', 'எண்பகுப்பு', 'எண்மாற்றம்' ஆகிய மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 'எண்வாசிப்பு' என்பதை என் பரிந்துரையாக வைக்கிறேன்.

'எண்ணாக்கம்' என்பது டிஜிட்டல் வடிவாக்கத்தைக் குறிக்கும் 'எண்ணிமமாக்கம்' என்பதோடு குழம்பும். 'எண்பகுப்பு' என்றால், பகு எண், பகா எண் என்று பள்ளிக் கணக்கில் படித்த மாணவர் காரணிப்படுத்துவதையே நினைப்பார். பலரும் விரும்பும் 'எண்மாற்றம்' என்பதைத்தான் நிதானமாக ஆராய வேண்டும்.

சி மொழியில் இனமாற்றம், அதாவது ஒரு மதிப்பை ஒரு தரவு இனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, வேறு செயல். '7' என்னும் எழுத்தை முழு எண் இனத்துக்கு மாற்றினால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வழங்கும் ஆஸ்கி முறையில் 55 கிடைக்கிறது. அது அவ்வெழுத்தின் குறியெண். மாணவர் எதிர்பார்க்கும் 7 வேண்டுமானால், '0' என்னும் எழுத்தின் குறியெண்ணாகிய 48ஐக் கழிக்க வேண்டும். (பத்து இலக்க எழுத்துகளும் வரிசையாக அடுத்தடுத்து அமையும் என்று சி மொழிச் செந்தரமே உறுதி தருவதால், ஆஸ்கி அல்லாத கணினியிலும் '7'இலிருந்து '0'ஐக் கழித்தால் 7தான் வரும்.) அதன் பிறகு, அதுவரை சேர்ந்த மதிப்பைப் பத்தால் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே செல்ல வேண்டும்: 1, 19, 194, 1947. பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிப்பதும் இப்படித்தான். இதையும் 'மாற்றம்' என்றே அழைத்தால், இனமாற்றக் குறியைச் சரத்தின் முன் இட்டாலே எண் கிடைத்துவிடும் என்ற பிழையான எண்ணத்தை நாமே மாணவர் மனத்தில் விதைத்தவர்களாவோம்.

வாசிப்பு என்றால் அது பாதியில் நிற்கவும் கூடும். "12 ரூபாய்" என்னும் சரத்தைப் பெறும் ஸ்ட்ர்டோல் (strtol) செயற்கூறு, அதாவது சி மொழி தரும் ஆயத்த நிரல் துண்டு, 12 என்னும் மதிப்பைத் தந்து, தான் எந்த இடத்தில் நின்றது என்பதையும் ஒரு சுட்டின் (நினைவக முகவரியைக் குறிக்கும் மாறியின்) வழியே தெரிவிக்கிறது; அச்சுட்டை 'நின்ற இடம்' என்று சொல்லலாம். மதிப்பு அளவு மீறினால் பிழைகளைக் குறிக்கும் எர்னோ (errno) மாறியில் அதைக் குறித்தும் வைக்கிறது. பழைய ஏடூஐ (atoi) செயற்கூறோ "0" என்றாலும் "abc" என்றாலும் 0 என்றே விடை தரும். அளவு மீறினால் என்ன நிகழும் என்பதைச் செந்தரம் வரையறுக்கவே இல்லை. ஒன்றும் வாசிக்க முடியாமல் போனதற்கும் சுழியத்தை வாசித்ததற்கும் உள்ள வேறுபாட்டை 'எண்வாசிப்பு' என்னும் சொல் இயல்பாகவே விளக்கிவிடும். அடிமானத்துக்கும் (எத்தனை இலக்கங்களைக் கொண்டு எண்ணை எழுதுகிறோம் என்பதற்கும்) இது பொருந்தும்: "010" என்பதைப் பத்தடிமானத்தில் வாசித்தால் 10, எட்டடிமானத்தில் வாசித்தால் 8.

நம் தமிழ் இலக்கங்களை எண்ணிப் பார்த்தபோதுதான் இந்தச் சொல் எனக்கு உறுதிப்பட்டது. "௧௨௩" (123) என்பதை ஏடூஐ செயற்கூறுக்குக் கொடுத்தால் 0தான் வரும். யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ் இலக்கமும் 3 பைட்டுகள், அவற்றில் எதுவும் அச்செயற்கூறு அறிந்த இலக்கமன்று. பழைய முறையில் அதே எண்ணை "௱௨௰௩" என்று எழுதுவர். ௱ என்பது நூறு, ௰ என்பது பத்து; அங்கே ௨ தன்னை அடுத்து வரும் ௰ என்பதைப் பெருக்குகிறது. ஆகவே பத்தால் பெருக்கிக் கூட்டும் வழி அதற்கு உதவாது. மதிப்பு ஒன்றே, வாசிக்கும் விதிகள் இரண்டு.

கோப்பிலிருந்து தரவு பெறுவதையும் வாசிப்பு என்கிறோமே என்று கேட்கப்படலாம். நம் குறிப்புகளில் அதற்குப் 'படித்தல்' என்பதையே சீராகப் பயன்படுத்தி வருகிறோம். அப்படியே தொடர்ந்தால் மோதல் வராது. எதிர்த்திசைச் செயலுக்கு, அதாவது முழு எண்ணிலிருந்து சரத்தை உருவாக்குவதற்கு, 'எண்ணெழுதல்' என்னும் சொல் தோன்றுகிறது. அது சற்றே கரடுமுரடாக ஒலிப்பதால், மேலான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.

பிழைச்செய்தி ஒன்றில் இச்சொல்லை இட்டுப் பார்த்தேன்: "எண்வாசிப்பு 3ஆம் எழுத்தில் நின்றது; அங்கே இலக்கம் இல்லை."