எரற்றோஸ்தனீசின் நிழல் அளவை: யாழ்ப்பாணம் – மாத்தறை

கேள்வி:
ஏப்ரல் 15 அளவில சூரியன் யாழ்ப்பாணத்தில எங்கட தலைக்கு நேரே வருது. பழைய கிரேக்க அறிஞர் எரற்றோஸ்தனீஸ் செய்தமாதிரி, அண்டைக்கு இங்கயும் மாத்தறையிலயும் 1 மீற்றர் தடியின்ர நிழலைப் பிள்ளையளைக் கொண்டு அளந்து, பூமியின்ர சுற்றளவைக் காணலாம் எண்டு நினைக்கிறன். பகல் 12 மணிக்கு அளந்தால் காணுமோ? பூமி உருண்டை எண்டதையும் இதாலயே நிறுவலாமோ?

பதில்:
12 மணிக்கு வேண்டாம் ரீச்சர். எங்கட மணிக்கூடு 82.5° நெடுங்கோட்டுக்கு உரியது, நாங்கள் 80°இல இருக்கிறம். சூரியன் உச்சிக்கு வாறது இங்க 12.10க்கு, மாத்தறையில 12.08க்கு. அப்ப அங்க நிழல் 6.5 செ.மீ. தான். 12.00க்கு அளந்தால் 7.4 வரும், சுற்றளவு 35,000 கி.மீ. ஆகச் சுருங்கிப்போகும். 11.55இல இருந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைச்சு, ஆகக் கிட்டினதை எடுங்கோ.

தடியை விடுங்கோ. 1° சரிஞ்சாலே 1.7 செ.மீ. பிழை, நிழலின்ர கால்வாசி! சூரியன் அரைப் பாகை அகலம் எண்டபடியால் நுனியும் 1 செ.மீ. அளவுக்கு மங்கும். பெரிய மட்டையில 3 மி.மீ. துளை போட்டு, 1 மீற்றர் உயரத்தில கிடையாகக் கட்டுங்கோ. துளையில இருந்து தூக்குக்குண்டு விட்டு அடியைக் குறிச்சு, அதில இருந்து ஒளிவட்டத்தின்ர நடுவரைக்கும் அளக்கவேணும். 13ஆம் நூற்றாண்டில சீன வானியலாளர் குவோ ஷோஜிங்கும் நிழல் மங்கலைத் துளையாலதான் வெண்டவர். சீமெந்துத் தளம் தண்ணி ஓடச் சரிவாயிருக்கும். பலகை போட்டு மட்டம் பாருங்கோ.

இங்க வட்டம் அடியிலேயே விழாவிட்டாலும் பரவாயில்லை. தெற்கே விழுந்தால் அந்தக் கோணத்தை மாத்தறைக் கோணத்தில கழிக்க, வடக்கே விழுந்தால் கூட்ட. தூரம் பஸ் ஓடுற தூரமில்லை, நேர் வடக்கு-தெற்கு: 410 கி.மீ. 1 மீற்றருக்கு 6.5 செ.மீ. எண்டால் கோணம் 3.7°; முழு வட்டம் 360°. அப்ப 410 × 360 ÷ 3.7 = 39,900. துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு 40,008.

இன்னொரு பதில்:
உருண்டை என்பதை இந்த இரு இடங்களால் நிறுவ முடியாது. தட்டை நிலத்துக்கு மேலே 6,300 கி.மீ. உயரத்தில் சூரியன் இருந்தாலும் மாத்தறையில் அதே 6.5 செ.மீ. வரும். பண்டைய சீனாவில் நிலத்தைத் தட்டையென வைத்து, இதே நிழல் வித்தியாசத்தால்தான் சூரியனின் உயரத்தைக் கணித்தார்கள். எரற்றோஸ்தனீஸ் பூமி உருண்டை என்பதை முன்கூட்டியே ஏற்றிருந்தார்.

மூன்றாவது இடம் வேண்டும், அதுவும் தொலைவில். லண்டனில் இருக்கும் உறவினர் யாரையாவது அன்றைக்கே அளக்கச் சொல்லுங்கள்; அங்கே உச்சி, கோடை நேரப்படி பகல் 1 மணி. தட்டை என்றால் அங்கே நிழல் 73 செ.மீ. அளவில் நிற்கவேண்டும். உண்மையில் 89 வரும்.

கேட்டவர்:
லண்டனுக்கு ஆள் இருக்கு. முகில் மறைச்சால்?

பதில்:
ஓகஸ்ட் 28 அளவில சூரியன் திரும்ப எங்கட தலைக்கு நேரே வரும், அண்டைக்கு அளவுங்கோ. உச்சி மட்டும் ஒரு நிமிடம் பிந்தி, இங்க 12.11.