ஆர்எக்ஸ் 100 டர்ட் வண்டிக்கு 28 மி.மீ. கார்புரேட்டர்: எந்த மெயின் ஜெட் போடுவது?

பாலாற்றங்கரை (கேள்வி):

வணக்கம். குடியாத்தம் அருகே உறவினரின் தரிசு நிலத்தில் ஓட்டுவதற்காக, பழைய இரண்டு ஸ்ட்ரோக் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை உயரமான ஷாக் அப்சார்பர், முரட்டுப் பட்டன் டயர், எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவில் பருத்த சைலன்சர்) ஆகியவற்றுடன் டர்ட் வண்டியாக மாற்றியிருக்கிறேன். கம்பெனி கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, உருளை ஸ்லைடு (ஆக்சிலேட்டரை முறுக்கும்போது மேலேறி வாயைத் திறக்கும் பகுதி) கொண்ட, 28 மி.மீ. வாயுள்ள மிக்குனி விஎம் 28 பொருத்தியிருக்கிறேன். ஏர் பில்டர் பெட்டியையும் எடுத்துவிட்டுக் கூம்பு வடிவ பில்டர் போட்டாயிற்று.

ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கினால் எஞ்சின் ஒரு கணம் அடைத்துக்கொண்டு பிறகுதான் எழுகிறது. சோக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த அடைப்பு ஓரளவு குறைகிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் உடனே இறங்காமல் உயரத்திலேயே சற்று நேரம் நிற்கிறது. முழு வேகத்தில் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் வெளுத்திருக்கிறது. பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள மெயின் ஜெட்டைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தேன். சொல்லும்படியான மாற்றம் இல்லை. நண்பர்கள் 120 முதல் 160 வரை ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். இந்த வண்டிக்குச் சரியான எண் எது?

ராணிப்பேட்டை பட்டறை:

தம்பி, ஜெட்டைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் இறங்காமல் நிற்கிறது என்றால், கார்புரேட்டருக்குத் தெரியாமல் எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த நிலையில் எந்த ஜெட்டைப் போட்டாலும் அளவு நிலைக்காது.

கார்புரேட்டரை எஞ்சினுடன் இணைக்கும் கம்பெனி ரப்பர் மேனிபோல்டு சிறிய கார்புரேட்டரின் வாய்க்காகச் செய்தது. அதை இழுத்துப் பிடித்து 28-இன் வாயில் ஏற்றி, கிளாம்ப்பை இறுக்கிவிட்டால் வெளியே சரியாகத்தான் தெரியும். ஆனால் ரப்பரின் அடியில், கண்ணுக்கு எட்டாத பக்கத்தில், மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும். எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை அந்த இணைப்பைச் சுற்றிலும், ரீட் வால்வு (கலவையை உள்நோக்கி மட்டும் விடும் தகட்டு வால்வு) அமர்ந்திருக்கும் பேக்கிங்கைச் சுற்றிலும் சிறிது சிறிதாக அடியுங்கள். சூடான சைலன்சர் பக்கம் அடிக்க வேண்டாம். எந்த இடத்தில் அடிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறதோ, அங்கேதான் ஓட்டை.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல்களைப் பாருங்கள். கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும். அதை எவரும் கண்டுபிடித்துவிடலாம். மேக்னெட் பக்க சீல் போனால் வெறும் காற்று மட்டுமே உள்ளே போகும், புகை வராது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் வரை யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 98 சிசி எஞ்சினுக்கு, அதுவும் மணலிலும் மேட்டிலும் அடிமட்ட இழுவை வேண்டிய வண்டிக்கு, 28 பெரியது. வாய் அகலமாக இருந்தால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோலைச் சரியாக மேலே இழுக்காது. என்னைக் கேட்டிருந்தால் 24 போதும் என்றிருப்பேன். வாங்கியாயிற்று, இனி அதையே சரிசெய்து பார்ப்போம்.

காட்பாடி கிக்கர்:

மெயின் ஜெட்டை மாற்றியும் வித்தியாசம் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் என் கவனத்தை ஈர்த்தது. மெயின் ஜெட் பெரும்பாலும் முக்கால் திறப்பிலிருந்து முழுத் திறப்பு வரைதான் ஆட்சி செய்யும். தொடக்கத்தில் பைலட் ஜெட்டும் (ஐடிலிங்குக்கான சிறிய ஜெட்) ஏர் ஸ்க்ரூவும், கால் திறப்பை ஒட்டி ஸ்லைடின் அடிவெட்டும், கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலும் பெட்ரோலை அளக்கின்றன. வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்பது இங்கே கணக்கே இல்லை. ஸ்லைடு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதே கணக்கு. ஆகவே கைப்பிடியில் ஒரு வெள்ளை டேப் துண்டை ஒட்டி, கால், அரை, முக்கால், முழுமை என்று பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் உள்ள அசையாத பகுதியில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது என்பதைப் பார்த்த பிறகே எதைக் கழற்றுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

கோடு போடுவதற்கு முன்னால் ஏர் பில்டரைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கி, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிறிய கார்புரேட்டருக்கான கம்பெனி கைப்பிடி, 28-இன் ஸ்லைடை முழுவதும் தூக்கும் அளவுக்குக் கேபிளை இழுக்காமல் போகலாம்.

சட்டென்று முறுக்கும்போது அடைப்பதும், சோக் போட்டால் அது குறைவதும் பெட்ரோல் போதாமையைக் காட்டுகின்றன. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு ஏர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருகி, ஆர்பிஎம் எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். முழுவதும் மூடிய நிலையிலிருந்து 1 சுற்றுக்கும் குறைவாகத் திறந்த இடத்திலேயே உச்சம் வந்தால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரைச் சுற்றைத் தாண்டி வந்தால் பெரியது. விஎம் வகையில் இந்த ஸ்க்ரூ காற்றைத்தான் அளக்கிறது என்பதால், வெளியே திருகினால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறையும். நடுப்பகுதிக்கு நீடில் கிளிப்: கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். முதலில் பைலட், பிறகு நீடில், கடைசியில் மெயின் என்பதே என் வழக்கம்.

பதினான்கு வளைவு:

காட்பாடி நண்பர் சொன்னவற்றில் வரிசையை மட்டும் நான் ஏற்கவில்லை. நீடில் பகுதிக்குப் போகும் பெட்ரோலும் மெயின் ஜெட்டைக் கடந்துதான் மேலே வருகிறது. கடைசியில் மெயினை மாற்றினால் அரைத் திறப்பில் பார்த்துவைத்த அளவும் சற்று நகரும். எனவே வேண்டுமென்றே பெரிய மெயின் ஒன்றைப் போட்டு, முழுத் திறப்பில் தடதடவென்று நான்கு ஸ்ட்ரோக் வண்டிபோல ஓடும் நிலையிலிருந்து ஒவ்வொரு படியாகக் குறைத்துவருவதே பாதுகாப்பானது. சிறியதிலிருந்து ஏறினால், சரியான எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் பிஸ்டன் போய்விடும்.

பிளக்கைப் பார்க்கும் முறையும் முக்கியம். புதிய பிளக்குடன் நேரான இடத்தில் முழுத் திறப்பில் ஓட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டே சாவியை அணைத்து உருண்டு நிற்க வேண்டும். ஐடிலிங்கில் பட்டறைவரை வந்து கழற்றிய பிளக் முழுத் திறப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. பீங்கானின் நுனியைப் பார்க்காமல், உள்ளே அது உலோகத்தைத் தொடும் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே காப்பித்தூள் நிறத்தில் மெல்லிய வளையம் இருந்தால் போதும்.

நண்பர்கள் தரும் எண்களை நம்பாதீர்கள். மிக்குனியின் அறுகோண ஜெட்டில் எண் பெட்ரோல் ஓடும் அளவைக் குறிக்கிறது. கெய்ஹின் என்ற வேறு கம்பெனியின் ஜெட்டில் துளையின் விட்டத்தைக் குறிக்கிறது. இரண்டிலும் 130 என்று இருந்தாலும் அவை ஒன்றல்ல. போலி ஜெட்டுகளின் எண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பத்து ஆண்டுகளுக்கு முந்தைய எண்ணும் இன்று உதவாது. கலப்பில்லாத பெட்ரோல் 1 கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குச் சுமார் 13.5 கிலோ போதும். பழைய ஜெட்டுடன் இதை ஊற்றினால் வண்டி லீன் ஆக ஓடுகிறது என்று பொருள். கத்திரி வெயிலில் காற்று மெலிவதால் இது ஓரளவு ஈடாகும். ஆனால் மே மாதம் வேலூரில் பார்த்த ஜெட், மார்கழிக் காலைக் குளிரில் போதாமல் போகும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம் என்பதால், அங்கே நான் மெயினை ஒரு படி குறைத்துக்கொள்கிறேன். (ஜவ்வாது மலைக் காட்டுப் பாதைகளுக்குள் வனத்துறை அனுமதியின்றி வண்டியை இறக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

பாலாற்றங்கரை:

அனைவருக்கும் நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். முழுவதும் முறுக்கியும் ஸ்லைடு முக்கால்வாசிதான் ஏறுகிறது. மெயின் ஜெட் மாற்றங்கள் ஏன் எதுவும் செய்யவில்லை என்பது இப்போது புரிகிறது. ஸ்பிரே அடித்ததில் மேனிபோல்டின் அடியிலும் கசிவு இருந்தது; 28-க்குரிய ரப்பரும், கேபிளை அதிகம் இழுக்கும் கைப்பிடியும் சென்னை புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறேன். பட்டறை அண்ணாவிடம் ஒரு கேள்வி: எஞ்சினுக்குத் தானாகவே ஆயில் தரும் ஆட்டோலூப் பம்ப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

ராணிப்பேட்டை பட்டறை:

வைத்துக்கொள்ளலாம், ஆனால் கைப்பிடி மாறினால் பம்ப்புக்குப் போகும் கேபிளின் இழுவையும் மாறும். பம்ப்பில் உள்ள குறியுடன் அதைப் புதிதாக ஒத்துவைக்க வேண்டும். ஆயில் குழாய் வந்து சேரும் மூக்கு புதிய கார்புரேட்டரில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் பம்ப்பை எடுத்துவிட்டு, லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுங்கள். எதுவானாலும் ஜெட் பார்க்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், தம்பி. கலவையில் ஆயில் கூடினால் அதே ஜெட்டின் வழியே வரும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், பார்த்த வேலையெல்லாம் மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கூம்பு பில்டருக்குப் பதிலாக எண்ணெயில் நனைத்த ஸ்பாஞ்சு பில்டரையும் இப்போதே போட்டுவிடுங்கள், ஏனெனில் அதை மாற்றினாலும் ஜெட் மாறும்.