மெட்டோகுளோபிரமைடு நிறுத்தியும் அம்மாவின் கை நடுக்கம் போகவில்லை: ட்ரோடாட் ஸ்கேன் எங்கே எடுக்கலாம்?

அம்மாவுக்கு வயது 68, ஊர் திருநெல்வேலி. குமட்டலுக்காக ஜனவரியிலிருந்து மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. தினமும் மூன்று வேளை சாப்பிட்டு வந்தார். ஏப்ரலில் உடம்பு விறைக்க ஆரம்பித்தது, நடை சிறுசிறு அடிகளாகச் சுருங்கியது. வலது கை மட்டும், சும்மா வைத்திருக்கும்போது நடுங்குகிறது.

மே மாதம் நரம்பியல் டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு குமட்டலுக்கு டாம்பெரிடோன் கொடுத்தார். அது மூளைக்குள் அதிகம் போகாதாம். அப்புறம் நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்க டிரைஹெக்ஸிஃபெனிடில் கொடுத்துப் பார்த்தோம். மறதியும் குழப்பமும் வந்ததால் அதையும் நிறுத்தியாயிற்று. எம்.ஆர்.ஐ., தைராய்டு இரண்டும் சரி. செப்டம்பர் ஆகியும் விறைப்பு ஓரளவுதான் குறைந்திருக்கிறது, நடுக்கம் அப்படியே.

மெட்டோகுளோபிரமைடு, மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் ஸ்ட்ரையாட்டம் பகுதியில், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கும் டி2 ஏற்பிகளை அடைத்துவிடும். டோபமைன் சுரந்தும் பயனில்லை. பாதிப்பு மருந்தால் மட்டும் வந்ததென்றால் டோபமைன் நரம்பு முனைகள் கெடாமல் இருக்கும், அவற்றைப் படம்பிடிக்கும் ட்ரோடாட் ஸ்கேன் இயல்பாக வரும். உள்ளே பார்க்கின்சன் நோய் இருந்தால் முனைகள் குறைந்திருப்பது தெரியும். பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும் என்பதால், ஒரு பக்கம் மட்டும் நடுங்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பார்க்கின்சனுக்கான லெவோடோபா மருந்தைத் தொடங்குவதை இந்த ஸ்கேனைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

மதுரையிலோ அதற்குத் தெற்கிலோ ட்ரோடாட் ஸ்கேன் எடுக்கும் இடம் யாருக்காவது தெரியுமா?