நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க முடியவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 29. ஒருவரோடு தனியாகப் பேசும்போது எனக்கு எந்தத் தடங்கலும் இல்லை. ஆனால் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டால், சொல்ல நினைப்பதை மனத்துக்குள் இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்த்துத் திருத்தி, இனிப் பேசலாம் என்று நிமிரும் நேரத்தில் பேச்சு வேறு பொருளுக்குப் போய்விட்டிருக்கும். குரல் நடுங்குவதும் முகம் வேர்ப்பதும் எல்லாருக்கும் தெரிகிறது என்ற நினைப்பிலேயே விருந்துகளில் கைப்பேசியைப் பார்த்தபடி ஓரமாக நின்றுவிடுகிறேன். "தைரியமாகப் பேசு" என்ற அறிவுரையை வேண்டிய அளவு கேட்டாகிவிட்டது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் என் கேள்வி.

மறுமொழி 1

எல்லாருக்கும் தெரிகிறது என்ற அந்த நினைப்பை முதலில் சோதித்துப் பாருங்கள். தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், அணியவே சங்கடமான படம் பொறித்த டி-ஷர்ட்டை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு, பிறர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் எண்ணினார்கள்; கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். யாருமே பார்ப்பதில்லை என்று நான் ஆறுதல் சொல்லவில்லை. நீங்கள் போடும் கணக்கு ஏறக்குறைய இரு மடங்கு பிசகலாம் என்றுதான் சொல்கிறேன்.

மறுமொழி 2

முந்தைய நண்பர் சொன்னது சரிதான், ஆனால் அதை அறிந்துகொண்டதால் மட்டும் என் கூச்சம் போகவில்லை. உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது அந்த ஒத்திகை. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995இல் முன்வைத்த விளக்கத்தின்படி, கூச்சப்படுகிறவரின் கவனம் எதிரில் இருப்பவரை விட்டுத் தன் மேலேயே திரும்பிவிடுகிறது. அச்சத்தை மறைக்க அவர் கையாளும் சின்னச் சின்ன உத்திகளே அச்சத்தைக் கரையவிடாமல் காக்கின்றன. ஒத்திகையும் கைப்பேசியும் அவ்வகை உத்திகள்தாம்.

நானும் ஒரு காலத்தில் கை நடுங்குவது தெரியக்கூடாது என்று குறிப்பேட்டை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பேசுவேன். இறுக்க இறுக்க நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசிய முதல் நாள் மிகவும் கொடுமையாக இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான்காவது ஐந்தாவது முறைக்குள் என் கையின் நினைவே குறைந்துபோயிற்று.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள், அப்போது பேசியவர் சொன்னதைப் பற்றியே ஒரு கேள்வியை, ஒத்திகை பார்க்காமல் கேளுங்கள். அவர் சொல்வதைக் கவனித்தால்தான் கேட்க முடியும் என்பதால் கவனம் தானாகவே வெளியே திரும்பும். போவதற்கு முன் என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதிவைத்து, திரும்பி வந்ததும் நடந்ததை அதன் அருகில் எழுதுங்கள்.

மறுமொழி 3

இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். அதிகம் பேசாமல் இருப்பது சிலருக்கு இயல்பு. பேச விருப்பமிருந்தும் அச்சம் தடுக்கும்போதுதான் அது சிக்கலாகிறது. அந்த அச்சம் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, வேலையையோ உறவுகளையோ பாதிக்கும் அளவுக்கு ஒருவர் இடங்களைத் தவிர்க்கத் தொடங்கிவிட்டால், மருத்துவர்கள் அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்ற நோக்கில் ஆராய்வார்கள். அச்சமூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்கு பலன் தருகிறது. அந்த நிலைக்கு வந்துவிட்டவர் தனியாகப் போராடிக்கொண்டிருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்றைய கூட்டத்தில் ஒத்திகை இல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன். பாதி வாக்கியத்தில் சொல் சிக்கி, "இல்லை, வேறு மாதிரி கேட்கிறேன்" என்று மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று. "எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்" என்று தாளில் எழுதிவைத்திருந்தேன். கேள்விக்குரியவர் மட்டும் திரும்பிப் பார்த்தார், அதுவும் பதில் சொல்வதற்காக.